மயிலாத்தாளுக்கு இன்னும் பஸ் வரவில்லை

பீளமேடு
15.6.2025

அன்புத் தங்கை லோகுவுக்கு அண்ணன் சரவணன் எழுதுவது.

இங்கே நான், பூங்கொடி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம். அங்கே மாப்பிள்ளை தம்பிதுரை, உன் மாமியார், மகிழினிக்குட்டி எல்லோரும் எப்படி இருக்கிறார்கள்? மாப்பிள்ளையின் முதுகுவலி தேவலையா?

அரை மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிற தங்கைக்குத் தபால் எழுதுகிற அண்ணன் இந்தக் காலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காரணம் நீதான். 'நாவல் எந்த அளவில் இருக்கு?' என்று வாட்ஸப்பில் கேட்டால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு ஓடிவிடுகிறாய். போனில் கேட்டால் தறிச் சத்தத்துக்கு நடுவில் 'என்னங்ணா? கேக்கலீங்ணா' என்கிறாய். கடிதத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. அதனால் இனிமேல் எனக்குக் கடிதம்தான்.

பதிப்பாளர் உன் முதல் ஐந்து அத்தியாயங்களைப் படித்துவிட்டு, மாசி முடிவதற்குள் முழு நாவலையும் கொடுத்தால் அடுத்த புத்தகத் திருவிழாவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று சொன்னாராமே. அதை நீ என்னிடம் சொன்னபோது, பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிக்கொண்டு ஓடிவந்த அன்றைய குரல் கேட்டது. ஆனால் நீ இதற்கு முன்னால் இரண்டு நாவல்களைப் பாதியில் விட்டவள். முதலாவது கல்யாணத்தோடு நின்றது. இரண்டாவது மகிழினி பிறந்ததோடு நின்றது. இதுவும் நின்றுபோனால் நீ இன்னொன்றைத் தொடங்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆபீசில் ஒரு கூட்டத்தையே திட்டம் போட்டு மேய்க்கிறேன். தங்கையின் நாவலுக்கு ஒரு திட்டம் போடத் தெரியாதா? உன் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று ஒளிக்காமல் எழுது. நடக்கக்கூடிய திட்டமாக ஒன்று போட்டுத் தருகிறேன்.

கையெழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஆபீசின் கீழ்த்தளத்தில், காருக்குள் உட்கார்ந்து, ஸ்டீயரிங்மேல் அட்டை வைத்து எழுதுகிறேன். வீட்டில் பூங்கொடி எனக்கென்று வாங்கிவைத்த மேஜையில் இஸ்திரித் துணி குடியிருக்கிறது.

பதிலை எதிர்பார்த்து,
சரவணன்

கருமத்தம்பட்டி
29.6.2025

அண்ணனுக்கு லோகப்பிரியாவின் வணக்கம்.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். அவருக்கு முதுகுவலி பரவாயில்லை. அத்தைக்குத்தான் மூட்டுவலி, உட்கார்ந்தால் எழ யோசிக்கிறார். பூங்கொடி அண்ணியிடம் சொல்லி அந்த மேஜையை மீட்டுக்கொள்ளுங்கள். ஆசையாக வாங்கிக் கொடுத்ததை அப்படி விடலாமா?

என் நாள் கேட்டீர்களே. காலையில் எழுந்ததிலிருந்து டிபன் பாக்ஸ் மூடும்வரை நான் மனுஷியே இல்லை. அப்புறம் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜை. வாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பெயர் சொல்லச் சொல்லி எழுதுகிற வேலை. மதியத்துக்கு வீடு. அவருக்கும் அத்தைக்கும் சோறு போட்டு, தறி ஓட்டுகிறவர்களுக்கு டீ கொடுத்தால், மகிழினியின் பள்ளி வேன் வரும்வரை கொஞ்சம் இடைவெளி. அதற்கப்புறம் வீட்டுப்பாடம், சமையல், பாத்திரம்.

அந்த இடைவெளிதான் எனக்கு. நூல் கோன் மூட்டைகளை அடுக்கிவைத்திருக்கிற சின்ன அறையில், ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு எழுதுகிறேன். எங்கள் வீட்டையும் தறிக்கூடத்தையும் பிரிப்பது ஒரே சுவர். அந்தப் பக்கம் எட்டுத் தறியும் ஓடினால் இந்தப் பக்கம் என் பல்லெல்லாம் ஆடுகிறது. இந்தச் சத்தத்தில் நான் மனசுக்குள் நினைப்பதே எனக்குக் கேட்பதில்லை. பாவம், என் மயிலாத்தாள் பேசுவது எங்கிருந்து கேட்கும்? அவளை மறந்திருக்கமாட்டீர்களே, நாவலின் நாயகி. உங்கள் பீளமேட்டில் கல்லூரிப் பையன்களுக்கு மெஸ் நடத்துகிறவள். சோறு வடித்து வடித்தே கிழவியாகப்போகிறோம் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது.

திட்டத்தை அனுப்புங்கள். சிரிக்காமல் படிக்கிறேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.
லோகு

பீளமேடு
12.7.2025

அன்பு லோகு,

இங்கே எல்லோரும் சுகம். மேஜை மீளவில்லை. துணிக்கு மேல் இப்போது பிள்ளைகளின் செய்முறை ஏடுகளும் வந்துவிட்டன.

திட்டம் இதுதான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எழுது என்றெல்லாம் சொல்லமாட்டேன். அதைச் சொல்கிறவர்களுக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிற வேலை இருக்காது. உனக்குக் கிடைக்கிற அந்த மதிய இடைவெளியை மட்டும் வைத்துக்கொள்வோம். திங்கள் முதல் வெள்ளிவரை நாளுக்கு ஒரே ஒரு பக்கம். நன்றாக வந்தாலும் ஒரு பக்கம், ஓடாவிட்டாலும் ஒரு பக்கம். எழுதியதைத் திரும்பப் படிக்காதே. விட்டுப்போன பக்கத்தை எழுதிச் சேர்க்கச் சனிக்கிழமை. ஞாயிறு பேனாவைத் தொடக்கூடாது.

கல்யாணம், சீர், கோயில், விருந்தாளி எல்லாம் வரத்தான் செய்யும். அதற்கென்று மாதம் ஒரு வாரத்தைத் தள்ளியே வைத்திருக்கிறேன். ஆபீசில் இதற்குப் பெயர் பஃபர். இப்படிப் போனாலே தை பிறக்கும்போது நாவல் முடிந்துவிடும். மாசிவரை திருத்தலாம்.

இன்னொன்று. எங்கள் வேலையில் தினமும் கேட்கிற முதல் கேள்வி, 'எது தடையா இருக்கு?' என்பது. உன்னுடைய தடை எது என்று உன் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. அதை என்னிடம் விடு.

ஆடிச் சீர் கொண்டு நானும் அண்ணியும் வருகிறோம். அப்போது பேசலாம்.

சரவணன்

கருமத்தம்பட்டி
10.8.2025

அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? அண்ணி கொடுத்த பலகாரத்தை அத்தை தலைமாட்டில் வைத்துக்கொண்டு தனியாக நடத்துகிறார். அவருக்கு உங்கள்மேல் மரியாதை கூடிவிட்டது.

உங்கள் திட்டத்தைக் காலண்டரில் எழுதிவைத்தேன். ஆவணி முகூர்த்த நாட்களுக்கு உங்கள் பஃபர் காணாது. கொழுந்தனார் வீட்டில் காதுகுத்து, பக்கத்து வீட்டில் நிச்சயம், கிளினிக்கில் கூட வேலை பார்க்கிற நஃபீசாவின் தங்கைக்குக் கல்யாணம். ஆனாலும் அண்ணா, ஆச்சரியம் என்னவென்றால் வேலை நடக்கிறது! ஆறாவது அத்தியாயம் முடிந்தது. ஏழாவதில் மயிலாத்தாள் ஒரு நாள் காலையில் உலையை ஏற்றிவிட்டு, அடுப்பை அணைக்காமல், ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இப்போது பல்லடம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். எந்த ஊர்ப் பஸ் என்று எனக்கே தெரியாது. எழுதினால்தான் தெரியும்.

மதியத்தில் அத்தை படுத்துத் தூங்கிவிடுகிறார். தறி ஓடுகிறவரை அவருக்கு நல்ல தூக்கம், நின்றால்தான் விழித்துக்கொள்வார். முழித்தாலும் கட்டிலில் இருந்து கூப்பிடுவது எனக்குக் கேட்காது. எழுந்து வந்து என் தோளைத் தொட்டால்தான் உண்டு. அந்த மூட்டுவலிக்கு அதெல்லாம் எங்கே? உங்கள் மாப்பிள்ளையும் தறிக்கூடத்தை விட்டு வரமாட்டார். மூட்டை நடுவில் நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்று கிளம்பும்போது கேட்டருகில் நின்று அவரிடம் வெகுநேரம் என்னவோ பேசிக்கொண்டிருந்தீர்களே, என்ன விஷயம்? கேட்டால், "அது எங்க மச்சான் மாப்பிள்ளை சமாச்சாரம், உனக்கெதுக்கு அம்மணி" என்கிறார்.

இப்படியே போனால் இந்தத் தடவை முடித்துவிடுவேன் என்று தோன்றுகிறது. இதை எழுதும்போதே கை கூசுகிறது. கண் பட்டுவிடக்கூடாது.

லோகு

பீளமேடு
3.9.2025

அன்பு லோகு,

உன் கடிதத்தைக் காரிலேயே இரண்டு தடவை படித்தேன். இப்படி நீ எழுதி எத்தனை காலம் ஆகிறது! மயிலாத்தாள் எந்தப் பஸ் ஏறுகிறாள் என்று எனக்கும் தெரிந்தாக வேண்டும்.

மாப்பிள்ளையிடம் பேசியது பற்றிக் கேட்டிருந்தாய். ரகசியம்தான், ஆனால் நல்ல ரகசியம். அன்று உங்கள் வீட்டில் காப்பி டம்ளர் தானாக மேஜைமேல் நகர்ந்து என்னிடம் வந்தது. இந்த இடியில் ஒருத்தி நாவல் எழுதுகிறாள் என்றால் சும்மாவா? மாப்பிள்ளை தங்கமான ஆள். நான் பாதி சொல்லும்போதே கண் கலங்கிவிட்டார். "நீங்க சொல்ற வரைக்கும் எனக்கு இது தோணலீங்களே மச்சான். நான் பாத்துக்கறனுங்க" என்றார். தீபாவளி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இரு.

பூங்கொடி உன்னை விசாரித்தாள்.

சரவணன்

கருமத்தம்பட்டி
2.11.2025

அண்ணனுக்கு வணக்கம்.

தாமதமான பதிலுக்கு மன்னிக்க வேண்டும். தீபாவளி நல்லபடியாகப் போனது. அனுப்பிய சேலை எனக்கு எடுப்பாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

ரகசியம் வெளியாகிவிட்டது. தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போய்த் தறி நின்றிருந்த வாரத்தில், உங்கள் மாப்பிள்ளை எட்டுத் தறியையும் கழற்றி, சோமனூர் ரோட்டில் வாடகைக்குப் பிடித்த ஒரு ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இங்கே தறிக்கூடம் இருந்த இடத்தில் நடுச் சுவரை இடித்து ஹாலோடு சேர்த்து, தரைக்கு டைல்ஸ் போட்டு, சுவருக்கு வெள்ளை அடித்து, நடுவில் ஒரு தேக்கு மேஜை, விளக்கு. என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "மச்சான் சொன்னது மனசுல முள்ளாட்டம் குத்திட்டே இருந்துது அம்மணி. உன்ற எழுத்துக்கு இந்த ஊட்டுல எடமில்லாமப் போச்சேன்னு. இனி எழுது, ஒரு ஈ காக்கா சத்தம் போடாது" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. பிரிட்ஜ் ஓடுவதுகூடக் கேட்கிறது. நான் பேனா மூடியைத் திறப்பது சமையலறைவரை கேட்கிறது. அத்தைக்குத்தான் பழக்கம் இல்லை. தறி நின்றதிலிருந்து அவருக்கு மதியத் தூக்கம் வருவதில்லை. ஆனால் பேச்சு நன்றாகக் கேட்கிறது என்று சந்தோஷப்படுகிறார். நாற்காலியை என் மேஜைக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு எல்லாம் பேசுகிறார். அவர் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

எல்லாம் உங்களால்தான் அண்ணா. நன்றி.

லோகு

பீளமேடு
9.11.2025

என் தங்கமே,

படித்துவிட்டுப் பூங்கொடியிடம் காட்டினேன். "உங்களுக்கு இப்படி ஒரு காரியம் எனக்காகச் செய்யத் தோணுமா?" என்று நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை என் குடும்பத்தில் குழப்பம் உண்டாக்கிவிட்டார் என்று சொல்.

மனசு நிறைந்துபோச்சு. தடை நீங்கிவிட்டதால் திட்டத்தைத் திருத்தியிருக்கிறேன். இனி நாளுக்கு இரண்டு பக்கம். அமைதியான வீட்டில் தேக்கு மேஜையில் அது ஒன்றும் பெரிதில்லை. மார்கழியிலேயே முடித்துவிடலாம்.

அத்தையின் கதைகளையும் கேட்டு வை. அடுத்த நாவலுக்கு ஆகும்.

மயிலாத்தாள் பஸ் ஏறிவிட்டாளா?

சரவணன்

பீளமேடு
14.12.2025

லோகு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. போன் செய்தால் மாப்பிள்ளையோ அத்தையோதான் எடுக்கிறார்கள். முன்னே மாதிரி சத்தமில்லாமல் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. நீ எங்கே என்றால், "எழுதிட்டு இருக்கறாளுங்க மச்சான், கூப்புடறேன் இருங்க" என்கிறார். வேண்டாம், எழுதட்டும் என்று நானே வைத்துவிடுகிறேன்.

எழுத்து மும்முரத்தில் பதில் போடவில்லை என்றால் சந்தோஷம். இருந்தாலும் இரண்டு வரி போடு. மாசிக்கு அதிக நாள் இல்லை. பக்கக் கணக்குகூட வேண்டாம், எட்டாவது அத்தியாயமா ஒன்பதாவதா என்று மட்டும் சொல்.

அண்ணன்

கருமத்தம்பட்டி
21.12.2025

அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். மகிழினிக்குச் சளி பிடித்து விட்டது.

ஏழாவது அத்தியாயம்தான். மயிலாத்தாள் இன்னும் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். பனி பெய்கிறது, கையில் ஸ்வெட்டர்கூடக் கொடுத்தனுப்பவில்லை நான்.

மேஜை நன்றாக இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஹால் பெரிதாகிவிட்டதால் கோயில் கமிட்டிக் கூட்டம் நம் வீட்டில்தான் நடக்கிறது. அவர் தினமும் மதியச் சாப்பாட்டுக்கு ஷெட்டிலிருந்து வந்து, கொஞ்ச நேரம் எதிரில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவ்வளவுதான் சேதி.

லோகு

கருமத்தம்பட்டி
4.1.2026

மச்சானுக்குத் தம்பிதுரை வணக்கமுங்க.

அங்கே பூங்கொடி அக்காவும் குழந்தைகளும் சௌக்கியம்தானுங்களே? எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கமில்லைங்க. போனில் பேசினால் ஊட்டில் எல்லாருக்கும் கேட்டுப்போடும், அதனால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் மன்னிச்சுக்குங்க.

உங்க தங்கச்சி விஷயம்தானுங்க. ஷெட்டில் குச்சியில் நூல் சுத்தித் தார் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போய்விட்டாங்க. தார் சுத்தாவிட்டால் தறி நாடாவுக்கு நூல் இல்லை, ஓட்டம் நின்றுபோகுங்க. வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தேன். லோகு, "நான் வாரனுங்க, நானே ஓட்டறேன்" என்று நின்றுகொண்டாள். கிளினிக் வேலையையும் விட்டுப்போட்டாள். வேண்டாம் என்று எத்தனையோ சொன்னேனுங்க. கேட்கவில்லை. இப்போது தினமும் என்னோடு ஷெட்டுக்கு வருகிறாள். எங்க அம்மாவுக்குத் துணைக்கு என் அக்கா வந்து இருக்காங்க.

ஊரில் புருஷனுக்குத் தோள் கொடுக்கிறாள் என்று எல்லாரும் மெச்சுகிறாங்க. எனக்குத்தானுங்க மனசு கேட்கவில்லை. எழுதட்டும் என்றுதான் தறியையே இடம் மாத்தினேன். அந்த மேஜை சும்மா கிடக்குது. பஞ்சிலும் சத்தத்திலும் போய் உட்கார்ந்திருக்கிறாள். என் கஷ்டத்தைப் பார்த்துத் தன் எழுத்தை விட்டுப்போட்டாளோ என்று நினைத்தால் தொண்டைக்குள் சோறு இறங்கவில்லைங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்.

இப்படிக்கு,
தம்பிதுரை

பீளமேடு
7.1.2026

லோகு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. மாப்பிள்ளை எழுதியிருந்தார். அந்த மனுஷன் உனக்காகத் தறியையே பெயர்த்து வைத்தார். நானும் நீ எழுதுவாய் என்று ஆறு மாதமாகத் திட்டம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நீ என்னடாவென்றால் இருந்த வேலையையும் விட்டுவிட்டு, நூல் சுற்றப் போய் உட்கார்ந்திருக்கிறாய். நாவலை விடுவதற்கு ஒரு சாக்கு வேண்டும் உனக்கு. கல்யாணம், குழந்தை, இப்போது தார். மூன்றாவது தடவையும் அப்படியே செய்கிறாயே என்று ஆத்திரமாக வருகிறது.

கவலைப்படாதே, வழி பண்ணிவிட்டேன். எங்கள் ஆபீஸ் டிரைவர் செங்கோட்டையனின் உறவில் தார் ஓட்டத் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறார். பொங்கல் கழிந்ததும் உங்கள் ஷெட்டில் வந்து சேர்ந்துகொள்வார். மாப்பிள்ளைக்குச் சொல்லப்போகிறேன். நீ மரியாதையாக வீட்டுக்குப் போய் மேஜையில் உட்கார்.

அண்ணன்

கருமத்தம்பட்டி
10.1.2026

அண்ணா,

எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் கடிதம் நேற்று வந்தது. கையோடு எழுதுகிறேன். அந்த அம்மாவை அனுப்பாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அனுப்பாதீர்கள்.

உங்களிடம் சொல்லக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். உங்களைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும், அவரைக் குறை சொன்ன மாதிரியும் ஆகிவிடும். இரண்டு பேரும் எனக்கு நல்லது மட்டும்தான் செய்தீர்கள். கெட்டவர்களிடம் மாட்டிக்கொண்டால் ஓடிப்போய் அண்ணனிடம் சொல்லலாம். நல்லவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

தறிச் சத்தத்தில் நான் நினைப்பதே எனக்குக் கேட்பதில்லை என்று விளையாட்டாக எழுதினேன். அப்போது எனக்கே தெரியவில்லை அண்ணா, அந்தச் சத்தம்தான் என் கதவு என்று. நம் வீட்டில் பெண்பிள்ளைக்கென்று தாழ்ப்பாள் போட்ட அறை எங்கே இருந்தது? அந்த எட்டுத் தறியும் ஓடியபோது என்னை யாராலும் கூப்பிட முடியவில்லை. கூப்பிட்டாலும் எனக்குக் கேட்கவில்லை; கேட்காததற்கு யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்துதான் ஏழாவது அத்தியாயம்வரை வந்தேன்.

தறி போனதும் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அத்தை தூங்காமல் என்னிடம் பேசுகிறார். பாவம், அவருக்கும் இத்தனை வருஷம் பேச ஆளில்லை; அவரை எப்படி வாயை மூடச் சொல்வேன்? மகிழினி பள்ளி விட்டு வந்ததும், "அம்மா, எவ்வளவு எழுதினே?" என்று எண்ணிப் பார்க்கிறாள். அவர் சோற்றைக்கூடச் சரியாகச் சாப்பிடாமல் வந்து எதிரில் உட்கார்ந்து, "எழுதீட்டியா கண்ணு?" என்று கேட்கிறார். அந்தக் கண்ணைப் பார்த்தால் என்னால் ஒரு வார்த்தை எழுத முடியவில்லை. எழுதுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு, மயிலாத்தாளின் பெயரையே ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்த்துத் திருப்தியாக ஷெட்டுக்குப் போனார். அந்த மேஜைமேல் தலையைச் சாய்த்து அழக்கூட முடியவில்லை. அழுதால் அத்தைக்குக் கேட்கும்.

நீங்கள் வேறு திட்டம் அனுப்பினீர்கள். நாளுக்கு இரண்டு பக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். அண்ணி வாங்கிக் கொடுத்த மேஜை வீட்டில் இருக்கும்போது நீங்கள் ஏன் காருக்குள் உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்? துணி கிடப்பதாலா? துணியை எடுத்துக் கட்டிலில் போட எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஷெட்தான் அண்ணா எனக்குக் கார்.

தார் ஓட்டிய அம்மா நின்றுகொண்டபோது, இதை விட்டால் கிடைக்காது என்று பிடித்துக்கொண்டேன். சும்மா போய் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் விடமாட்டார்கள், ஏன் எதற்கு என்று கேட்பார்கள். வேலைக்குப் போகிறேன் என்றால் மெச்சுகிறார்கள். மெச்சுவதைக் கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கிளினிக்கை விட்டதில் வருத்தம் இல்லாமல் இல்லை. அது எனக்கென்று இருந்த ஒரே சம்பளம், நஃபீசாவோடு குடிக்கிற பதினொரு மணி டீ. ஆனால் காலையில் அங்கேயும் பகல் முழுக்க இங்கேயும் இருக்க முடியாது. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடிந்தது.

தார் மெஷினில் நூலைக் கோத்துவிட்டால், அது சுற்றி நிறைகிறவரை கைக்கு வேலை இல்லை. அதற்குள் ஒரு வரி. கழற்றி மாட்டிவிட்டு அடுத்த வரி. பக்கத்து மெஷினில் ராசாத்தாள் என்று ஒரு அக்கா. அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை, எல்லாம் கை ஜாடைதான். முதல் நாள் நான் எழுதுவதைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரு தடவை நான் எழுத்து மும்முரத்தில் தார் நிறைந்ததைக் கவனிக்கவில்லை. அவரே எழுந்து வந்து என்னுடையதையும் கழற்றி மாட்டிவிட்டு, 'நீ எழுது' என்று கையைக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். இந்தப் பத்து வருஷத்தில் என் எழுத்துக்கு எல்லோரும் செய்த உதவிகளிலேயே அதுதான் சின்னது. எனக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான்.

முழுசாகத் தப்பித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பஞ்சு மூக்கில் ஏறுகிறது, சாயங்காலம் தோள் கழன்றுபோகிறது. மாசிக்குள் முடியாது. பதிப்பாளருக்குப் போன் செய்து பங்குனிவரை கேட்டேன். 'பார்க்கலாம்' என்றார். உங்கள் திட்டங்களை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். இனிமேல் எதுவும் அனுப்ப வேண்டாம்.

ஒரு சேதி. செவ்வாய்க்கிழமை மயிலாத்தாளுக்குப் பஸ் வந்துவிட்டது. உடுமலைப்பேட்டைப் பஸ். கூட்டம்தான், ஆனாலும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அடுப்பை அணைக்காமல் வந்தது பஸ் கிளம்பின பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. அவள் இறங்கவில்லை.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் பொங்கல் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். கரும்பு அனுப்பி வைக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடுங்கள். உங்கள் மாப்பிள்ளையிடம் மட்டும் இதில் ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள் அண்ணா. சொன்னால் எனக்கு இன்னொரு நல்லது செய்துவிடுவார்.

உங்கள் தங்கை,
லோகப்பிரியா